மழை பெய்தால் நீந்த முடியாத ஆறு டிரையத்லானுக்கு ஏற்ற களமா?

கரையோரன்:
நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான் போட்டியின் நீச்சலை நகரத்தின் நடுவே ஓடும் ஆறுகளில் வைப்பதை நிறுத்த வேண்டும் என்பது என் வாதம். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கையே எடுத்துக்கொள்வோம். செய்ன் நதியைத் தூய்மைப்படுத்த ஏறத்தாழ 140 கோடி யூரோ செலவிடப்பட்டது. மழைநீரைத் தேக்கிவைக்க ஆஸ்டர்லிட்ஸ் ரயில் நிலையத்தின் அருகே 50,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள நிலத்தடித் தொட்டியும் கட்டப்பட்டது. இத்தனைக்குப் பிறகும், தொடக்க விழாவையொட்டிப் பெய்த மழையால் ஜூலை 28, 29 ஆகிய இரு நாள்களின் பயிற்சி நீச்சல்கள் ரத்தாயின. 30ஆம் தேதி நடக்கவிருந்த ஆடவர் போட்டி மறுநாளுக்குத் தள்ளிப்போனது. பழைய நகரங்களில் கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் செல்வதால், குழாய் கொள்ளாத அளவுக்கு மழை பெய்யும்போது மிகுதி அப்படியே ஆற்றில் கலக்கிறது. இதை முன்கூட்டியே அறிந்திருந்தும் அந்த ஆற்றையே களமாக்குவது, கரையில் தெரியும் கட்டடங்களின் அழகுக்காக வீரர்களின் உடல்நலத்தைப் பணயம் வைப்பதாகும்.

எதிர்நீச்சல்:
நண்பரே, பாதிக் கதையில் நிறுத்திவிட்டீர்கள். ஜூலை 31 அன்று மகளிர், ஆடவர் போட்டிகள் இரண்டும் அதே நதியில் நடந்தன. 1923 முதல் குளிக்கத் தடை இருந்த அந்த நதியில், 2025 ஜூலையில் பொதுமக்களுக்காக மூன்று நீச்சல் இடங்கள் திறக்கப்பட்டன. போட்டி என்ற நெருக்கடி இல்லாதிருந்தால் எந்த அரசு இவ்வளவு பணத்தைச் சாக்கடையில் (நல்ல பொருளில்தான் சொல்கிறேன்) கொட்டியிருக்கும்?

மேலும், ஆற்றை விட்டால் ஏரிதானே உங்கள் மாற்று? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1998ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு ஏரியில் நடந்த டிரையத்லானுக்குப் பிறகு வீரர்களிடையே எலிக்காய்ச்சல் பரவியது. வயலிலிருந்தும் மேய்ச்சல் நிலத்திலிருந்தும் வழிந்து வரும் நீரில் அந்த நோயைப் பரப்பும் விலங்குகளின் சிறுநீர் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறதா என்பதை, நீரில் மலக்கழிவு கலந்திருப்பதை அறிய எண்ணப்படும் ஈ.கோலை பாக்டீரியாவின் எண்ணிக்கை காட்டாது. தேங்கிய நீர் வெயிலில் சூடேறினால் நீலப்பச்சைப்பாசி பெருகுவதும், அதன் நச்சு வாரக்கணக்கில் நீங்காதிருப்பதும் உண்டு. ஓடும் ஆறோ மழை ஓய்ந்து வெயில் அடித்தால் சில நாள்களில் தெளிந்துவிடுகிறது.

கரையோரன்:
ஏரி தூய்மையானது என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஏரியின் கேடு மெல்ல வருகிறது. பாசி படர்வதைக் கண்ணாலேயே காணலாம், களத்தை மாற்றவும் அவகாசம் கிடைக்கும். ஆற்றின் கேடு ஓர் இரவில் வந்துவிடுகிறது, நம்முடைய பரிசோதனையோ அதைவிட மெதுவானது. ஈ.கோலையை வழக்கமான முறையில் வளர்த்து எண்ண ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. ஆகவே போட்டி நாளின் விடியற்காலையில் நடுவர் கையில் இருக்கும் அறிக்கை நேற்றைய நீரைப் பற்றியது. வீரர் குதிப்பது இன்றைய நீரில்.

இங்கிலாந்தின் சண்டர்லாந்தில், 2023 ஜூலை இறுதியில் ரோக்கர் கடற்கரையில் நடந்த உலக டிரையத்லான் தொடர் போட்டிக்குப் பிறகு குறைந்தது 57 பேர் வாந்தி, வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டனர். போட்டிக்கு மூன்று நாள்களுக்கு முன் சுற்றுச்சூழல் முகமை அங்கு எடுத்த மாதிரியில் 100 மி.லி.க்கு 3,900 ஈ.கோலை இருந்தது; ஆனால் அந்த முடிவு வெளியானது போட்டி முடிந்த பிறகுதான். அமைப்பாளர்கள் தனியாக எடுத்த மாதிரிகளோ தேறிவிட்டன.

எதிர்நீச்சல்:
அந்த எடுத்துக்காட்டு என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது, ஏனெனில் அது நகர ஆறு அன்று, கடல். முகமை மாதிரி எடுத்த இடம் போட்டி நடந்த நீர்ப்பகுதிக்கு வெளியே இருந்தது என்பதையும் அமைப்பாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். நோயுற்றவர்களின் மாதிரிகளில் பிறகு மிகுதியாகக் காணப்பட்டது வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ்; அது நீரிலிருந்தும் வரலாம், கூட்டத்தில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கும் தொற்றலாம். பாரிஸில் பெல்ஜியம், ஆடவரும் மகளிரும் ஓர் அணியாக மாறி மாறிப் போட்டியிடும் கலப்புத் தொடர் ஓட்டத்திலிருந்து விலகியபோது உலகமே நதியைக் குற்றஞ்சாட்டியது. நோயுற்ற வீராங்கனையோ தமக்கு வந்தது வைரஸ் தொற்று என்றும் ஈ.கோலை அன்று என்றும் பின்னர் தெளிவுபடுத்தினார்.

மிதவை:
இருவரும் ஆறா ஏரியா என்றே பேசுகிறீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மாற்று ஏற்பாடு. பாரிஸில் 10 கி.மீ. நீச்சல் போட்டிக்கு வைர்-சுர்-மார்ன் நீர்விளையாட்டு மையம் மாற்றுக் களமாக வைக்கப்பட்டிருந்தது. டிரையத்லானுக்கு அப்படி ஓர் இடம் இல்லை: நாளைத் தள்ளலாம், அதுவும் முடியாவிட்டால் நீச்சலை நீக்கி, ஓட்டமும் மிதிவண்டியும் மட்டுமே உள்ள டூயத்லானாக நடத்தலாம், அவ்வளவுதான். 2023 ஆகஸ்டில் பாரிஸில் நடந்த முன்னோட்டப் போட்டியில் கலப்புத் தொடர் ஓட்டம் உண்மையிலேயே டூயத்லானாக மாறியது. அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது மழைகூட அன்று, கழிவுநீர் அமைப்பில் ஒரு வால்வு பழுது. 2019இல் டோக்கியோவின் ஒடைபா கடற்பகுதியிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா டிரையத்லானின் நீச்சல் ரத்தானது. நீச்சலில் முந்திக்கொண்டு பிறகு அந்த முன்னிலையைக் காப்பாற்றுவதையே உத்தியாகக் கொண்ட வீரருக்கு டூயத்லான் என்பது தோல்விக்கு இன்னொரு பெயர்.

எதிர்நீச்சல்:
மாற்றுக் களம் என்பது எழுதுவதற்கு எளிது. நீரிலிருந்து ஏறிய இடத்திலேயே மிதிவண்டி நிறுத்தம் இருக்க வேண்டும். அங்கிருந்து போக்குவரத்தை அடைத்த சாலை தொடங்க வேண்டும். இரண்டு ஊர்களில் இரண்டு தடங்களை ஆயத்தமாக வைத்திருப்பதற்குப் பதிலாக, அதே களத்தில் இரண்டு மூன்று மாற்று நாள்களை ஒதுக்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

கரையோரன்:
ஒலிம்பிக்கில் ஒத்துவரும். கட்டணம் செலுத்தி, விடுப்பு எடுத்து, வெளியூரிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான சாதாரணப் பங்கேற்பாளர்களை இரண்டு நாள் காத்திருக்கச் சொல்ல முடியாது; ஆகவே ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது போட்டியை நடத்திவிட வேண்டும் என்ற அழுத்தம் அங்குதான் மிக அதிகம். அவர்களுடன் அணி மருத்துவரும் வருவதில்லை. ஆகவே கடைசி மாதிரியின் முடிவை மட்டுமன்றி, முந்தைய ஆண்டுகளில் அதே பருவத்தில் மழைக்குப் பின் எடுத்த முடிவுகளையும் பதிவு தொடங்கும் முன்பே வெளியிட வேண்டும். நீரை நம்பாதவர் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

எதிர்நீச்சல்:
முடிவுகளை வெளியிடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வெறும் எண்ணை மட்டும் போட்டால், ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீருக்கு 100 மி.லி.யில் ஈ.கோலை 1,000, அதேபோல் மலக்கழிவைக் காட்டும் இன்னொரு பாக்டீரியாவான என்டரோகாக்கை 400 என்றும் கடலுக்கு அவற்றில் பாதி என்றும் உள்ள வரம்புகளை அறியாதவர், 600 என்ற எண்ணைப் பார்த்தே ஓடிவிடுவார். கட்டணத்தைத் திருப்பித் தருவதானால் சிறிய போட்டிகள் அடுத்த ஆண்டு இருக்கவே இருக்காது. அடுத்த ஆண்டுக்கு இடத்தை மாற்றித் தரலாம், அது வரை ஏற்கிறேன்.

மிதவை:
கடலில் 600 என்றால் ஓடத்தான் வேண்டும், எதிர்நீச்சல் அவர்களே. எந்த நீர் என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.