வேளச்சேரியா, மடிப்பாக்கமா: குழந்தைகளோடு குடியேறும்முன் எதைப் பார்க்க வேண்டும்?

திருவரங்கத்துத் தாய் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்குப் பெருங்குடிக்கு வேலை மாற்றலாகியிருப்பதால், வரும் கோடை விடுமுறையில் நாங்கள் திருவரங்கத்திலிருந்து சென்னைக்குக் குடிபெயர வேண்டியுள்ளது. மகளுக்கு எட்டு வயது. மகனுக்கு மூன்று வயது. அவனுக்கு அடிக்கடி மூச்சிளைப்பு வரும். வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் இதுவரை ஏழு வாடகை வீடுகளைப் பார்த்துவிட்டோம். வீடுகளில் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. ஆனால், வீட்டுத் தரகர்கள் எல்லாருமே "இது குடும்பத்துக்கு ஏற்ற இடம்" என்கிறார்கள்; எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், பள்ளிக்கூடம் பக்கம், பேருந்து நிறுத்தம் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இங்கே என் மகள் சித்திரை வீதியில் மிதிவண்டி ஓட்டுகிறாள். தெருமுனைக் கடைக்குத் தனியாகச் சென்று தயிர் வாங்கி வருகிறாள். அதே சுதந்திரம் சென்னையில் கிடைக்காது என்பது தெரியும். ஆனால் அதில் எவ்வளவு கிடைக்கும் என்பதை, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

ஏரிக்கரை

சகோதரி, நான் 19 ஆண்டுகளாக மடிப்பாக்கத்தில் வசிக்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் இங்கேதான் வளர்ந்தார்கள். நீங்கள் குறிப்பிடும் இரண்டு பகுதிகளுக்கும் முதல் கேள்வி மழைநீர் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் உபரிநீரும் இன்னும் பல ஏரிகளின் நீரும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலில் கலக்கின்றன. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற அந்தச் சதுப்புநிலத்தின் பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். ஒரு காலத்தில் அது இதைப்போலப் பல மடங்கு பரந்திருந்தது. நம் குடியிருப்புகள் பலவும் அப்படி அது இழந்த நிலத்தின் மேலும், அதற்குத் தண்ணீர் போய்ச் சேரும் வழியிலும்தான் நிற்கின்றன. எனவே 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இங்கே நடந்ததை எப்போதோ ஒருமுறை வரும் விபத்தாக எண்ணிவிடக் கூடாது.

2015-இல் நாங்கள் தரைத்தளத்தில் இருந்தோம். மகளுக்கு அப்போது ஐந்து வயது. வீட்டுக்குள் முழங்கால் அளவுத் தண்ணீர்; நான்கு நாள்கள் மின்சாரம் இல்லை; காய்ச்சிக் கொடுக்க நல்ல தண்ணீரும் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகும் கழிவுநீர் கலந்த சேறு வாசலிலேயே கிடந்ததால், அவளை வாரக்கணக்கில் வெளியே விளையாட விடவில்லை. அதனால், எத்தனை அடி நின்றது என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை நாள் நின்றது என்றும் கேளுங்கள். குழந்தை இருக்கும் வீட்டுக்கு அந்த இரண்டாவது கணக்குதான் முக்கியம்.

இதைத் தரகரிடம் கேட்டுப் பயனில்லை. தெருவில் நெடுங்காலமாக இஸ்திரி வண்டி வைத்திருப்பவரைக் கேளுங்கள். மின் மீட்டர் பெட்டிகள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். பழைய கட்டடத்தில் அவற்றைக் கழற்றித் தலை உயரத்துக்கு ஏற்றியிருந்தால், அங்கே தண்ணீர் வந்திருக்கிறது என்று பொருள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி தார் போட்டதால், தெருவைவிடத் தாழ்ந்துபோன வாசல்களும் இங்கே நிறைய உண்டு. இப்போது ஐப்பசிதான் நடக்கிறது; கார்த்திகை முடியும்வரை பொறுத்திருந்து, ஒரு பெருமழைக்கு மறுநாள் வந்து பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை

ஏரிக்கரை சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் பள்ளிக்குப் போகும் வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் 30 ஆண்டுகள் பள்ளி வாசலில் நின்று அதைத்தான் பார்த்திருக்கிறேன். பெற்றோர் பெயர்பெற்ற பள்ளியை முதலில் முடிவுசெய்துவிடுவதால், காலை ஏழு மணிக்கே வேனில் ஏறும் குழந்தை, மாலையில் வீடு திரும்பும்போது விளையாடும் தெம்பை இழந்துவிடுகிறது. நடந்துபோகும் தொலைவில் ஓர் ஓரளவு நல்ல பள்ளி இருந்தால், அதையே நான் தேர்ந்தெடுப்பேன். அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளியையும் ஒருமுறை உள்ளே சென்று பாருங்கள். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்துவிட்டது. பார்க்காமலேயே அப்பள்ளிகளை ஒதுக்கும் பழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது.

வழியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். பள்ளி நாளில் காலை எட்டே கால் மணிக்கு வந்து, வீட்டிலிருந்து பள்ளிவரை நடந்து பாருங்கள். எட்டு வயதுக் குழந்தையின் கண் நம் மார்பளவு உயரத்தில்தான் இருக்கும். நிறுத்தியிருக்கும் காருக்குப் பின்னால் வரும் வண்டி நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நடைபாதை இருக்கிறதா என்பதோடு, அதில் மின்மாற்றியோ விளம்பரப் பலகையோ கடைப்பொருளோ வழியை மறித்துக் குழந்தையைச் சாலையில் இறக்கிவிடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மடிப்பாக்கம் வழியாக மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ ரயில் தடம் வருகிறது. பிற்காலத்தில் அது பெரிய வசதிதான். ஆனால் தடுப்புகள் வைத்துப் பணி நடக்கும் மேடவாக்கம் பிரதான சாலையைக் கடந்துதான் பள்ளிக்குப் போக வேண்டும் என்றால், அந்த வீட்டை நான் விட்டுவிடுவேன்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் கிண்டி சிறுவர் பூங்காவும் பக்கம் என்று சிலர் சொல்வார்கள். இரண்டுமே அருமையான இடங்கள்தான். ஆனால் மாதம் இருமுறை போகும் இடத்தைவிட, தினமும் மாலை ஐந்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப்போகக் கூடிய இடம் எது என்பதே உங்கள் மகளுக்கு முக்கியம்.

மூன்றாம் மாடி

ஏரிக்கரையிடம் ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்: என் முதல் கேள்வி, கூட விளையாடப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதுதான். முன்பு நாங்கள் தண்ணீர் தேங்காத மேட்டுப் பகுதியில், ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள பெரிய அடுக்ககத்தில் இருந்தோம். இரண்டு ஆண்டுகளில் என் மகனுக்கு ஒரு நண்பன்கூடக் கிடைக்கவில்லை. வேளச்சேரியில் இப்போது இருப்பது 12 வீடுகள் கொண்ட பழைய கட்டடம். விளையாட்டிடம் என்று தனியாக எதுவும் இல்லை. ஆனால் மாலையில் வாகன நிறுத்துமிடத்தில் ஒன்பது பிள்ளைகள் ஆடுகிறார்கள். 2023 வெள்ளத்தில் தரைத்தளத்துக் குடும்பங்களின் குழந்தைகள் எங்கள் வீட்டில்தான் மூன்று இரவுகள் படுத்தார்கள். வீடு பார்க்கப் போகும்போது கதவுகளுக்கு வெளியே கிடக்கும் சிறிய செருப்புகளையும் மாடிப்படிக்கு அடியில் நிற்கும் சின்ன மிதிவண்டிகளையும் எண்ணிப் பாருங்கள்.

உங்கள் மகனின் இளைப்பு பற்றியும் சொல்ல வேண்டும். சதுப்புநிலத்தை ஒட்டியுள்ள பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரல் இறுதியில் தீப்பற்றிப் பல நாள்கள் புகைந்தது. பழைய குப்பையைத் தரம் பிரித்து அகற்றும் பணி நடந்துவருகிறது என்றாலும், சதுப்புநிலத்தை ஒட்டிய தெருவாக இருந்தால் இரவில் ஒருமுறையும் விடியற்காலையில் ஒருமுறையும் அங்கே நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். நள்ளிரவில் நெபுலைசர் வைக்கும் மருத்துவமனை எவ்வளவு நேரத்தில் எட்டும் என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை மிக நல்லது. ஆனால் இளைப்பு முற்றிய பிள்ளையோடு அவ்வளவு தொலைவு போவது கடினம்.

திருவரங்கத்துத் தாய்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாங்கள் எடுத்த நிழற்படங்களை மறுபடி பார்த்தோம். எங்களுக்கு மிகவும் பிடித்திருந்த வேளச்சேரி வீட்டில் மீட்டர் பெட்டிகள் என் தலைக்கு மேலே இருக்கின்றன. அது தரைத்தள வீடு. அதை விட்டுவிடுகிறோம். மடிப்பாக்கத்தில் முதல் மாடி வீடு ஒன்று மீதமிருக்கிறது. அங்கே வாசலில் இரண்டு சின்ன மிதிவண்டிகள் நின்றன. கார்த்திகையில் மழைக்குப் பிறகு, ஒரு பள்ளி நாளில் நான் மட்டும் வந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை

மகளையும் அழைத்து வாருங்கள் அம்மா; ஒருநாள் விடுப்பு எடுத்தால் பாடம் ஒன்றும் போய்விடாது. பள்ளிவரை அவள் முன்னால் நடக்கட்டும், நீங்கள் பத்தடி பின்னால் வாருங்கள். எந்த இடத்தில் நின்று திரும்பி உங்களைப் பார்க்கிறாள் என்று கவனியுங்கள்.