உள்ளங்கால் அரிப்பும் பித்த அமிலமும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கொருக்குப்பேட்டை அம்மா:

மாசமாக இருந்தபோது, எட்டாம் மாதத் தொடக்கத்தில் எனக்கு வந்த அரிப்பு இது. சொறி இல்லை, தடிப்பு இல்லை, தோலில் ஒன்றுமே தெரியாது, ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்க ஆரம்பித்தால் விடியும்வரை விடாது. மெட்ரோ தண்ணீர் பிடித்து வைத்த பிளாஸ்டிக் குடம் ஒன்றின் மேல் பாதத்தை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன், அந்தச் சில்லிப்பு இருக்கும்வரை கொஞ்சம் தேவலை. மாமியார் பித்த உடம்பு என்று தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். பக்கத்துக் கிளினிக்கில், மாசமாக இருந்தால் வயிறு விரியும்போது அரிக்கத்தான் செய்யும் என்று லோஷன் கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு வயிற்றில் அரிக்கவே இல்லை என்று சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

அடுத்த செக்கப்புக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ரயில்வே கேட் மூடிவிட்டார்கள், ஆட்டோவில் செருப்பைக் கழற்றிவிட்டு ரப்பர் மிதியடியில் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அங்கே இருந்த டாக்டரம்மா என் கையைத் திருப்பிப் பார்த்து, "ராத்திரிதான் அதிகமா? உள்ளங்காலிலுமா?" என்று கேட்டார், உடனே கல்லீரல் டெஸ்ட்டும் பித்த அமில டெஸ்ட்டும் எழுதினார். பித்த அமில ரிசல்ட் லிட்டருக்கு 46 மைக்ரோமோல். சாதாரணமாக 10க்குள் இருக்க வேண்டியது. மாமியார் சொன்ன பித்தம் நிஜமாகவே பித்தமாக இருந்தது.

கர்ப்ப காலத்து ஹார்மோன்களால் கல்லீரலிலிருந்து பித்தம் வெளியேறுவது சிலருக்கு மந்தமாகிவிடும், அதில் இருக்கும் அமிலம் ரத்தத்தில் ஏறும், 100ஐத் தாண்டினால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து கூடும் என்று விளக்கினார். உர்சோடிஆக்சிகோலிக் ஆசிட் 300 மில்லிகிராம் காலையும் ராத்திரியும். மாத்திரை அரிப்பைக் கொஞ்சம் குறைக்கும், அதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது, திரும்பத் திரும்ப ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். 38ஆம் வாரத்தில் மருந்து வைத்து வலி வரவழைத்தார்கள். பெண் குழந்தை, 2.7 கிலோ. ஒரு வாரத்துக்குள் அரிப்பு போன இடம் தெரியவில்லை.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். பித்தம் சாப்பாடு செரிக்க நம் உடம்பே செய்வது, அது தேங்கினால் கல்லீரலையே கெடுக்கும் என்கிறார்களே, எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

பெரம்பூர் லேப்காரன்:

அக்கா, மருந்துகள் கல்லீரலைக் கெடுக்குமா என்று சோதிக்கும் லேபில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். பித்த அமிலம் கொலஸ்ட்ராலிலிருந்து கல்லீரல் செய்யும் ஒரு வகை சோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், கொழுப்பைக் கரைப்பதுதான் அதன் வேலை. ஒரு நாளைக்குப் புதிதாகச் செய்வது அரை கிராம் அளவுதான், ஏனென்றால் குடலுக்குப் போனதில் 95 சதவீதம் திரும்ப உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே வந்துவிடும். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வும் கொழுப்பால் ஆனதுதானே, அதனால் உள்ளே தேங்க விடாமல் வெளியே தள்ள ஒவ்வொரு கல்லீரல் செல்லிலும் ஒரு பம்ப் புரதம் இருக்கிறது.

நான் முதல் முறை மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததை மறக்க முடியாது. எலியின் கல்லீரல் செல்களை வளர்த்து, ஒளிரும் சாயம் கோத்த பித்த அமிலத்தை விட்டால், செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே பச்சைக் கோடு பளிச்சென்று ஓடும். அதுதான் பித்தம் வடியும் வாய்க்கால். சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைச் சேர்த்ததும் அந்தக் கோடுகள் ஒவ்வொன்றாக மங்கிப் போயின. பம்ப் அடைபட்டுவிட்டது, வெளியே போக வேண்டியது உள்ளேயே நின்றுவிட்டது. ட்ரோகிளிடசோன் என்ற சர்க்கரை நோய் மாத்திரையை 2000இல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்களே, கல்லீரல் செயலிழந்து பலர் இறந்ததால். அதுவும் இந்தப் பம்ப்பைத் தடுப்பது பிறகு லேபில் தெரியவந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பித்த அமிலம் கெடுக்கும் வழிகளில் ஒன்றாகச் சொல்வது, அது செல்லின் புரதங்களில் ஒட்டிக்கொள்வதை. அதற்காகப் புரதத்தோடு சேர்வதே தப்பு என்று நினைக்காதீர்கள். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் பயணம் செய்கிறது, அது லேசான பிடி, வேண்டும்போது விட்டுவிடும். செல்லுக்குள் எஃப்எக்ஸ்ஆர் என்ற புரதத்தில் போய் உட்கார்ந்து, "போதும், புதிதாகச் செய்யாதே" என்று சொல்வதும் அதேதான், இதை 1999இல் கண்டுபிடித்தார்கள். சிக்கல் வேறு இடத்தில். கிளைசின், டாரின் என்ற சின்ன மூலக்கூறுகளில் ஒன்றைப் பித்த அமிலத்தோடு கோக்க கல்லீரல் முதலில் அதைத் துடிப்பான ஒரு நிலைக்கு மாற்ற வேண்டும். அந்த நிலையில் அது கிளைசினுக்குக் காத்திராமல் பக்கத்தில் இருக்கும் புரதத்தில் லைசின் என்ற இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். அது பசை போட்ட மாதிரி, திரும்ப விடாது. சோதனைக் குழாயில் இதைக் காட்டியிருக்கிறார்கள், மனிதக் கல்லீரல் திசுவிலும் புரதத்தோடு ஒட்டிய லித்தோகோலிக் அமிலத்தைப் பார்த்திருக்கிறார்கள். குடல் பாக்டீரியா உண்டாக்கும் அந்த லித்தோகோலிக்தான் இந்தக் கூட்டத்திலேயே மோசமானது. இந்த ஒட்டுதல் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் தேங்கிய அமிலம் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கும், வீக்கத்தையும் வரவழைக்கும். உங்களுக்குக் கொடுத்த உர்சோவும் பித்த அமிலம்தான் அக்கா, ஆனால் தண்ணீரோடு ஒத்துப்போகிற சாது வகை.

காசிமேட்டுத் தம்பி:

இதைப் படித்ததும் பெரியப்பா ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் மீன் ஆயும்போது ஆயா சொல்வார், "பித்தப்பை உடையாம எடு, உடைஞ்சா குழம்பே கசந்துடும்." அந்தப் பையை, சர்க்கரை இறங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பெரியப்பா ஒரு பெரிய ரோகு மீனிலிருந்து எடுத்துப் பச்சையாக விழுங்கிவிட்டார். அன்று சாயங்காலமே வாந்தி, வயிற்றுப்போக்கு. ரெண்டாம் நாள் கண் லேசாக மஞ்சள், மூன்றாம் நாள் சிறுநீர் கிட்டத்தட்ட நின்றே போனது. கல்லீரல், சிறுநீரகம் ரெண்டும் ஒரே நேரத்தில் அடி வாங்கியிருந்தன. ஆறு முறை டயாலிசிஸ் செய்து, மூன்று வாரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார்.

கெண்டை வகை மீன்களின் பித்தத்தில் சைப்ரினால் சல்பேட் என்று ஒன்று இருக்கிறதாம், அது வேக வைத்தாலும் போகாது என்று டாக்டர் சொன்னார். ரோகு, கட்லா எல்லாம் அந்தக் குடும்பம். மீனைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், பித்தப்பையை மட்டும் யார் சொன்னாலும் வாயில் வைக்காதீர்கள். பெரியப்பா இப்போது மார்க்கெட்டில் யாராவது அந்தப் பையைத் தனியாகக் கேட்டால் நிறுத்தி வைத்துக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் விடுகிறார்.

கொருக்குப்பேட்டை அம்மா:

தம்பி, பெரியப்பா நல்லபடியாக இருக்கிறார் என்பதே பெரிய விஷயம். லேப்காரத் தம்பிக்கு நன்றி, அந்தப் பச்சைக் கோடு கண்ணிலேயே நிற்கிறது. இது அக்கா தங்கைகளுக்குள் வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், என் தங்கைக்கு இப்போது ஏழாம் மாதம். நேற்று ராத்திரி போன் போட்டு உள்ளங்கால் அரிக்கிறதா என்று கேட்டேன். இல்லை, ஏன் தினமும் இதையே கேட்கிறாய் என்றாள். இன்றைக்கும் கேட்பேன்.