அனுபவப் பகிர்வு: மனசை விட்டுப் போகாத சின்ன ஊர் போலீஸ்காரர்

காகிதப்புலி:

கில்லஸ்பியைப் பற்றித்தான், மிசிசிப்பியில் ஒரு சின்ன ஊரின் வெள்ளைக்கார போலீஸ் சீஃப். 'இன் த ஹீட் ஆஃப் த நைட்' படம் இங்கே எல்லோரும் பார்த்திருப்பீர்கள், கதை சொல்லவில்லை. ஊர்ப் பெரும்புள்ளியான வெள்ளைக்காரப் பண்ணை முதலாளி எண்டிகாட்டின் ஆர்க்கிட் தோட்டத்துக் காட்சி. கிழவர் அறைகிறார், கொலை விசாரணையில் உதவும் வெளியூர்க் கறுப்பினத் துப்பறிவாளர் டிப்ஸ் அதே வேகத்தில் திருப்பி அறைகிறார். ஊரே அதைத்தான் பேசும். எனக்கு அதற்கு அடுத்த சில நொடிகள்தான் பிரச்சினை. எண்டிகாட் கில்லஸ்பி பக்கம் திரும்பி, பார்த்தாயா, இதற்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறார். இவரோ, தெரியவில்லை என்கிறார். அவ்வளவுதான். சட்டம் பேசவில்லை, டிப்ஸுக்காகப் பரிந்து ஒரு வார்த்தை இல்லை, கிழவருக்குச் சமாதானமும் இல்லை. தட்டோடு நிற்கும் வேலைக்காரர் முகத்திலாவது ஏதோ ஓடுகிறது. இவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. முன்பிருந்த சீஃப் என்றால் டிப்ஸைச் சுட்டுவிட்டு தற்காப்பு என்று முடித்திருப்பார் என மேயரே பின்னால் சொல்வார், ஞாபகம் இருக்கிறதா? அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "தெரியவில்லை" என்பது கோழைத்தனமா தைரியமா? எத்தனை தடவை பார்த்தாலும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

ரயிலடி:

படத்தோடு நின்றுவிட்டால் கில்லஸ்பிதான் தெரிவார். 1965-இல் ஜான் பால் எழுதிய நாவலைப் படியுங்கள். அது தொடங்குவதே சாம் வுட் என்ற போலீஸ்காரனோடு. அதிகாலை மூன்றுக்குப் பத்து நிமிடம், புழுக்கம், வெல்ஸ் என்ற ஊரில் தனியாக ரோந்து போகிறான். பிணத்தைப் பார்க்கிறான். அப்புறம் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் கறுப்பர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வருகிறான், அவர்தான் டிப்ஸ். தெரியாத முகம், கறுப்பு நிறம், பர்ஸில் பணம். காரணம் இவ்வளவுதான்.

என்னைக் குடைவது அந்த இடம் இல்லை. அதே சாம் வுட்டைப் பின்னால் அவனுடைய சீஃபே சந்தேகப்பட்டுக் கம்பிக்குப் பின்னால் வைக்கிறார். அவன் வெள்ளைக்காரன், போலீஸ்காரன், தினம் வந்துபோகும் ஸ்டேஷன். அங்கே உட்கார்ந்து, நான் செய்யவில்லை என்று யாரிடம் சொல்வது என்று விழிக்கிறான். அவன் கொலைகாரன் இல்லை என்று விடாமல் சொல்வது டிப்ஸ். படிக்கும்போது எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது, உடனே எரிச்சலும் வந்தது. ரயில் நிலையத்தில் இவன் ஒரு கேள்வியாவது கேட்டானா?

அகல்:

எனக்குச் சம்பளக் காட்சி. வாரத்துக்கு 162 டாலர் 39 சென்ட் என்று டிப்ஸ் சொன்னதும் கில்லஸ்பியின் சூயிங்கம் மெல்லும் வாய்! கொலைகூட இரண்டாம்பட்சம் ஆகிவிட்டது அவருக்கு. இப்படிச் சம்பாதிக்கும் ஆளிடம் மரியாதையாக நடந்துகொள் என்று சாமிடம் நக்கல் வேறு. சிரித்தேன், பிறகு சிரித்ததே பிடிக்கவில்லை.

நெடுஞ்சாலை:

நான் கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். மிசிசிப்பியில் நெஷோபா கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) வழியாக இரவில் வாடகைக் காரில் போனேன். பின்னால் நீல விளக்கு. நிறுத்தினேன். பின் விளக்கு ஒன்று எரியவில்லை என்று சொன்னார், லைசென்ஸைப் பார்த்தார், பத்திரமாகப் போங்கள் என்றார். மரியாதையான மனிதர். ஆனால் ஜன்னல் கண்ணாடியை இறக்கும்போது என் தலைக்குள் இருந்தது அவர் இல்லை, செசில் பிரைஸ். 1964 ஜூனில் சானி, குட்மேன், ஷ்வெர்னர் என்ற சிவில் உரிமைத் தொண்டர்கள் மூவரையும் வேகமாக ஓட்டினார்கள் என்று பிடித்து உள்ளே வைத்த துணை ஷெரிஃப். அன்றிரவே விடுவித்து, பின்னாலேயே போய்க் கொலைகாரர்களிடம் ஒப்படைத்தார். நீங்கள் பேசும் படம் 1967 ஆகஸ்டில் வந்தது, பிரைஸ் குற்றவாளி என்று ஃபெடரல் நீதிமன்றத்தில் தீர்ப்பானது அதே வருடம் அக்டோபரில்தான். அவருடைய மேலதிகாரி ஷெரிஃப் ரெய்னி விடுதலை. அன்று தியேட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு கில்லஸ்பி பழங்கதை இல்லை, அந்த வாரத்துப் பேப்பர்.

நள்ளிரவு வாசகி:

காகிதப்புலி, நீங்கள் சொல்வதில் ஒன்று எனக்கு ஒப்பவில்லை. அறை வாங்கியவர் டிப்ஸ், திருப்பி அடித்து உயிரைப் பணயம் வைத்தவரும் டிப்ஸ். நாம் உட்கார்ந்து ஆராய்வது பக்கத்தில் சும்மா நின்றவரின் மனசையா? ஆஸ்கரும் இதையேதான் செய்தது. கில்லஸ்பியாக நடித்த ராட் ஸ்டைகருக்குச் சிறந்த நடிகர் விருது, டிப்ஸாக நடித்த சிட்னி பாய்ட்டியேவுக்குப் பரிந்துரைகூட இல்லை.

என் அனுபவம் சின்னது. எஸ். ஏ. காஸ்பியின் 'ஆல் த சின்னர்ஸ் பிளீட்' (2023) நாவல். டைட்டஸ் கிரவுன், வர்ஜீனியாவில் சாரன் கவுண்டியின் முதல் கறுப்பின ஷெரிஃப். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் பிடித்த ஆசிரியரைச் சுட்டுவிட்டு வெளியே வரும் கறுப்பு இளைஞனிடம், துப்பாக்கியைக் கீழே போடு என்று கெஞ்சுகிறார். அவருடைய ஆட்களே அவனைச் சுட்டுவிடுகிறார்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.

இனி, இப்படிப்பட்ட கதை எழுத நினைப்பவர்களுக்கு. யாரும் கேட்கவில்லை, தெரியும். முதலில் உங்கள் ஆள் சீஃபா ஷெரிஃபா என்று முடிவு செய்யுங்கள். கில்லஸ்பியைப் பலர் ஷெரிஃப் என்றே எழுதுகிறார்கள். அவர் சீஃப். ஊர் நிர்வாகம் வேலைக்கு வைத்தவர், மேயர் முகம் சுளித்தால் வேலை போய்விடும். ஷெரிஃப் கவுண்டி முழுக்க ஓட்டு வாங்கி வருபவர், அவருக்குப் பயம் அடுத்த தேர்தல். டைட்டஸுக்கு ஓட்டுப் போட்ட கறுப்பர்களும் அவரை முறைக்கிறார்கள், போடாத வெள்ளையர்களும் முறைக்கிறார்கள். பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எழுதினால் அந்த ஆள் வெறும் தொப்பியும் துப்பாக்கியும்தான். அப்புறம், தயவுசெய்து கடைசி அத்தியாயத்தில் அவரை நல்லவராக்கிக் கைகுலுக்க வைக்காதீர்கள். குற்றம் துலங்கலாம், ஊர் அப்படியே இருக்கும். அவர் வெறுப்பை வசனமாகக் கொட்டவும் வேண்டாம். யாருக்கு நாற்காலி போடுகிறார், யாரை நிற்கவைத்தே பேசுகிறார் என்று காட்டினால் போதும்.

காகிதப்புலி:

நான் கில்லஸ்பியைப் புகழவே இல்லையே, திரும்பப் படியுங்கள். சும்மா நிற்பவர்கள்தான் எல்லா ஊரிலும் அதிகம், அதனால் அவரைப் பார்க்கிறேன். கைகுலுக்கலும் அப்படித்தான். கடைசியில் அவர் டிப்ஸின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் வரை வருகிறார், சிரிக்கிறார். டிப்ஸ் ஊரை விட்டுப் போகிறார் என்பதால் வரும் சிரிப்பாகவும் அது இருக்கலாம். அங்கே யாரும் நல்லவராகவில்லை.

ரயிலடி:

பெட்டி தூக்கும் காட்சி மிசிசிப்பியில் எடுத்ததும் இல்லை. தெற்கே வந்து தங்கி நடிக்க பாய்ட்டியே சம்மதிக்காததால் பெரும்பகுதி இல்லினாய்ஸ் மாநிலத்து ஸ்பார்ட்டாவில் எடுத்தார்கள். பருத்திக்காட்டுக்காக மட்டும் டென்னஸி போனார்கள். கதைக்குள் இருக்கும் சீஃப் எப்படிப்பட்டவர் என்று நாம் சண்டை போடுவதற்கு முன்னாலேயே நடிகர் தன் பதிலைச் சொல்லிவிட்டார். 1988-இல் வந்த டிவி தொடரில் கரோல் ஓ'கானர் செய்த கில்லஸ்பியை யாராவது முழுசாகப் பார்த்தீர்களா? அந்த ஆள் ரொம்ப மென்மை, எனக்கு ஒட்டவே இல்லை.