மெஷ் போட்டதிலிருந்து பிரிண்டர் ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் காணோம் – அவசர உதவி

செங்காங்_மீனா:
புது மெஷ் செட் (வீடு முழுக்க வைஃபை பரப்பும் பல பெட்டிகள்) வாங்கி, இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியோடு இணைத்தாயிற்று. ஆப்பில் எல்லாம் பச்சை. இணையமும் வருகிறது. ஆனால் பிரிண்டர் கைபேசியில் சில நேரம் தெரிகிறது, சில நேரம் இல்லவே இல்லை. பையன் விளையாட்டில் வேறு ‘நேட் டைப் ஸ்ட்ரிக்ட்’ என்று வருகிறதாம், வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தமாம். பிரிண்டரை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். நாளைக்குப் பள்ளி ஒப்படைப்பு அச்சடிக்க வேண்டும், யாராவது சொல்லுங்கள் ப்ளீஸ்.

ஈசூன்_குமார்:
அக்கா, எந்த மெஷ், மாடல் என்ன? நிறுவனம் கொடுத்தது ஃபைபரை மட்டும் முடித்துவைக்கும் ஓஎன்டியா, இல்லை அதிலேயே ரவுட்டரும் வைஃபையும் வரும் ஓஎன்ஆரா? பெட்டி வீட்டில் எங்கே இருக்கிறது? இது தெரியாமல் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

சேனல்_ராஜா:
சந்தேகமே வேண்டாம், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சேனல்தான். 52 முதல் 144 வரை வைத்தால் ரேடாருக்கு வழிவிட வேண்டும், விமான நிலையப் பக்கம் இருப்பவர்களுக்குத் திடீர் திடீரென்று அறுந்துபோகும். 36இல் வையுங்கள்.

ஈசூன்_குமார்:
வீட்டுப் பிரிண்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் தொங்கும், 5இல் அல்ல, ராஜா அண்ணே.

கேபிளே_கதி:
மெஷ் என்றாலே இப்படித்தான். பெட்டிக்குப் பெட்டி காற்றிலேயே பேசினால் வேகம் பாதிகூட ஆகலாம். கேட் 6 கேபிள் இழுத்து வேலையை முடியுங்கள்.

பழைய_பாக்கெட்:
இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. ‘பச்சை விளக்கு எரிகிறது’ என்பதெல்லாம் தகவலே அல்ல. பிரிண்டர் தெரியும்போது கைபேசியின் ஐபி முகவரி என்ன, தெரியாதபோது என்ன? இரண்டையும் எழுதிவிட்டு வாருங்கள்.

செங்காங்_மீனா:
ஐந்தறை வீடு, பெட்டி டிவிக்குக் கீழே. வைஃபையும் அதிலேயே வரும். டிவி பெட்டி, வீட்டுத் தொலைபேசி எல்லாம் அதில்தான் செருகியிருக்கிறது. பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும்தான் மெஷ்ஷுக்கும் வைத்தேன், எல்லாச் சாதனத்திலும் மறுபடி அடிக்க வேண்டாமே என்று. ஐபி பார்த்தேன், தெரியும்போது 192.168.1.23, தெரியாதபோது 192.168.68.51.

பழைய_பாக்கெட்:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் இவ்வளவு பேர் ஜோசியம் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஒரு முகவரி 192.168.1, இன்னொன்று 192.168.68 என்றால் உங்கள் வீட்டில் ஒரே பெயரில் இரண்டு வலைகள் ஓடுகின்றன. பிரிண்டர் பழைய பெட்டியின் வைஃபையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கைபேசி எந்த சிக்னல் பலமோ அதற்குத் தாவும். பழையதில் இருந்தால் பிரிண்டர் கண்ணுக்குத் தெரியும். மெஷ்ஷுக்குப் போனதும் தெரியாது, ஏனென்றால் ‘யார் பிரிண்டர்?’ என்று கேட்கும் அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. விளையாட்டுத் தொல்லையும் இதே கதைதான்: இரண்டு ரவுட்டர், இரண்டு நேட் (வீட்டு முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை). விளையாட்டு கேட்டால் மெஷ் தன் கதவைத் திறந்துவிடும், மேலே இருக்கிற பெட்டிக்கு அது தெரியவே தெரியாது. மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு வைஃபையை மட்டும் பரப்பும் நிலை) மாற்றி, பழைய பெட்டியின் வைஃபையை அணையுங்கள். முடிந்தது.

தெம்பனிஸ்_பிரியா:
அவசரப்பட வேண்டாம் மீனா அக்கா. பையனுக்கு நேரக் கட்டுப்பாடு வைத்திருக்கிறீர்களா? டிபி-லிங்க்கின் டெக்கோ மாதிரி சில மெஷ் செட்களில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு போட்டால் பேரண்டல் கன்ட்ரோல் போய்விடும். அதற்குப் பழைய பெட்டியை பிரிட்ஜ் மோடில் (அது ரவுட்டராக இல்லாமல் இணையத்தை அப்படியே மெஷ்ஷுக்குக் கடத்தும் நிலை) போடுவது நல்லது.

பழைய_பாக்கெட்:
டிவியும் தொலைபேசியும் அந்தப் பெட்டியில் பெரும்பாலும் தனித்தனி விஎல்ஏஎன்னில் (ஒரே கம்பிக்குள் பிரித்துவைத்த தனி வலைகள்) வருகின்றன. தெரியாமல் பிரிட்ஜ் போட்டால் டிவி நின்றுவிடும். அப்புறம் அதைக் கேட்டு இங்கே இன்னோர் இழை தொடங்குவீர்கள்.

ஈசூன்_குமார்:
இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. மெஷ் ரவுட்டர் மோடிலேயே இருக்கட்டும். பழைய வைஃபையை மட்டும் அணையுங்கள், பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றுதான் என்பதால் பிரிண்டர் தானாக மெஷ்ஷுக்கு வந்துவிடும். பழைய பெட்டியின் அமைப்புக்குள் போய் மெஷ்ஷின் முகவரியை டிஎம்இசட்டில் (வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே சாதனத்துக்கு அனுப்பும் அமைப்பு) போட்டால் விளையாட்டுக்கும் வழி பிறக்கும், நேரக் கட்டுப்பாடும் அப்படியே இருக்கும்.

பழைய_பாக்கெட்:
ஒட்டுப்போடும் வேலை. ஆனால் ஓடும்.

கேபிளே_கதி:
இதெல்லாம் சரி, கடைசி அறைக்கு வேகம் எங்கே? வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டரின் (புகலிட அறை) தடித்த கான்கிரீட் சுவரைத் தாண்டி எந்த சிக்னலும் போகாது. அந்தச் சுவரில் ஒரு துளை போட்டுக் கேபிளை விட்டால் போதும்.

தெம்பனிஸ்_பிரியா:
அண்ணே, புகலிட அறைச் சுவரைத் துளைத்துக் கேபிள் விட அனுமதி கிடையாது! அதற்கென்றே சிங்கப்பூரில் 1997இல் சட்டம் வந்தது, கவனித்துக்கொள்வது குடிமைத் தற்காப்புப் படை. படிப்பவர் யாராவது டிரில்லை எடுத்துவிடப் போகிறார்கள்.

கேபிளே_கதி:
எங்கள் புளோக்கில் எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் தெரியுமா?

தெம்பனிஸ்_பிரியா:
போட்டால் சரியாகிவிடுமா? வீட்டை விற்கும்போது தெரியும். கூடத்துச் சுவரோரம் டிரங்கிங் (கேபிளை மூடும் பிளாஸ்டிக் உறை) ஒட்டி, கதவு இடுக்கில் தட்டைக் கேபிள் விடலாமே.

கேபிளே_கதி:
தட்டைக் கேபிளா! கதவு நசுக்கி ஒரு வருடத்தில் செத்துப்போகும். அதற்கு மெஷ்ஷே மேல்.

சேனல்_ராஜா:
இழை வரலாற்றிலேயே முதல்முறையாகக் கேபிள் அண்ணன் மெஷ்ஷை ஆதரித்துவிட்டார்.

செங்காங்_மீனா:
அச்சு வந்துவிட்டது, பையன் ஒப்படைப்பைக் கொண்டுபோய்விட்டான். எல்லாருக்கும் நன்றி. விளையாட்டைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை, சரியாகியிருக்கும்.

ஈசூன்_குமார்:
நல்லது அக்கா. ஆக்சஸ் பாயிண்ட்டா, டிஎம்இசட்டா, எதைச் செய்தீர்கள்? பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

பழைய_பாக்கெட்:
பதில் வராது, குமார்.