‘இதர’ என்று ஒரு வரி

எல்லீஸ் நகர் அம்மா:
வரவு செலவு நோட்டு போட்டுப் பார்க்காத வீடு இருக்காது, அதனால் முன்கதை வேண்டாம். ஐப்பசி பிறந்த ஞாயிறு, இட்லி சாப்பிட்ட கையோடு நால்வரும் கூடத்தில் உட்கார்ந்தோம். எட்டாவது படிக்கும் மகள் வாசித்தாள். பால், காய்கறி, வாடகை, கேபிள். கடைசி வரி: ‘இதர, 2,500’. முந்தைய இரண்டு மாதமும் அதே வரி, அதே தொகை. “இதர என்றால் என்னப்பா?” என்றாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். மாமியார் ஒன்றும் பேசாமல் சுருக்குப்பையை அவிழ்த்து, தன் உரிமைத் தொகை ஆயிரத்தை, இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை, நோட்டின் மேல் வைத்தார். உசிலம்பட்டியில் இருக்கும் நாத்தனாருக்குப் போகிற பணம்தான் அந்த ‘இதர’ என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கொடுத்ததில் கோபமில்லை; நோட்டில்கூட அவளுக்குப் பெயர் இல்லையே என்றுதான் இருந்தது. இப்போது அவளுக்குத் தனி வரி போட்டாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து இவர் பன்னிரண்டு ரூபாய் டீயைக்கூட, மேலதிகாரியிடம் கணக்கு ஒப்படைப்பவர் போல எழுதி வைக்கிறார். அதுதான் உறுத்துகிறது.

திருமங்கலத்தார்:
பிள்ளையை வைத்துக்கொண்டு கணக்கு வாசித்ததே தவறு. சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.
எங்கள் வீட்டில் பட்ஜெட்டை உடைப்பது, விசேஷ வீடுகளுக்கு மொய், சீர் என்று வைக்கும் செய்முறை. போன ஆவணியில் ஏழு பத்திரிகை வந்தன. அதில் ஒன்று தாய்மாமன் சீர். அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. இன்னொரு வீட்டுக்காக அப்பாவின் பழைய மொய் நோட்டைப் புரட்டினால், 2004-இல் அவர்கள் நமக்கு எழுதியது 201. இன்று அதற்கு எவ்வளவு திருப்புவது? மனைவி ஆயிரத்து ஒன்று என்றாள், நான் ஐந்நூற்று ஒன்று என்றேன். மொய் எழுதும் மேசை வரை வழக்கு ஓடியது. எழுதுபவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, “அண்ணே, மைக் திறந்திருக்கிறது” என்றார். பந்தி வரை கேட்டிருக்கிறது. ஆயிரத்து ஒன்றே எழுதினோம்.

செல்லூர் வாசி:
திருமங்கலத்தாரே, வீட்டுக் கணக்கு தெரியாமல் வளரும் பிள்ளை, பிற்பாடு கைபேசித் தவணை கட்டித்தான் அதைக் கற்றுக்கொள்ளும்.
என் கதை சின்னது. 2023-இல் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஒன்பது உறவினர் வந்து தங்கினார்கள். அந்த இரண்டு மாதக் கரண்ட் கணக்கு 512 யூனிட். அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் காசு கூடும் என்று நினைக்காதீர்கள். இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைத்த குறைந்த விலையும் பறிபோய்விடும். அன்றைய விலையில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 512-க்கு 2,046. பன்னிரண்டு யூனிட்டுக்கு 321 ரூபாய்! கணக்கெடுத்த தேதியை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். முப்பதாம் நாள் மீட்டரைப் பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் அன்றே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். மாடித் தொட்டி வழிந்த பிறகும் ஓடும் மோட்டாரை முதலில் நிறுத்துங்கள். அப்புறம், ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. அந்த வரிசையில் நிற்க வெட்கப்பட்டுக்கொண்டு பட்ஜெட் பேசாதீர்கள்.

மேலூர் மருமகள்:
கேட்காமலே கரண்ட் பாடம் கிடைத்தது, நன்றி.
எங்களுக்கு ஒன்றாம் தேதி என்று எதுவும் கிடையாது. பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்தால் நெல், நெல் வந்தால் காசு. அறுவடைப் பணத்தை மாமனார் பன்னிரண்டு முடிச்சாகக் கட்டிப் பழைய அரிசிப் பானைக்குள் போட்டு வைப்பார், மாதத்துக்கு ஒன்று. ஒரு பங்குனியில் முடிச்சை அவிழ்த்தேன். பணம் இல்லை, துண்டுச் சீட்டுதான் இருந்தது: ‘கடன். சித்திரையில் போடுகிறேன்.’ மாமனாரின் கையெழுத்து. தன் பானையில் தானே கடன் வாங்கி, அதற்குச் சீட்டும் எழுதி வைத்திருக்கிறார்! எதற்கு எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது, சீட்டு இன்னும் பானையில்தான் கிடக்கிறது.
அக்கா, டீயை எழுத வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிப் பார்த்தீர்களா?

எல்லீஸ் நகர் அம்மா:
சொன்னேன். இன்றைய பக்கத்தில் ‘டீ 12, வடை 10’ என்று இருக்கிறது. பக்கத்திலேயே ‘இதர அல்ல’ என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறார்.