கட்டி இருக்கிறது என்பதற்காகக் கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டுமா?

கேட்பவர்: ஈரோட்டுத் தங்கை

வணக்கம். என் அக்காவுக்கு வயது 46. சர்க்கரை நோய் உண்டு. உடல் எடையும் கூடுதல். சுமார் ஓராண்டாக மாதவிடாய் பத்து, பன்னிரண்டு நாட்கள் நீடிக்கிறது. கட்டி கட்டியாக உதிரம் போவதால், நாப்கினுக்கு மேல் பழைய துண்டையும் மடித்து வைத்துக்கொண்டுதான் இரவில் படுக்கிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 7.8 என்று வந்திருக்கிறது. ஸ்கேன் அறிக்கையில், கர்ப்பப்பையின் வெளிப்புறச் சுவரில் 3 செ.மீ. அளவுள்ள ஃபைப்ராய்டு கட்டி என்றும், உட்சவ்வின் தடிப்பு 16 மி.மீ. என்றும் எழுதியிருக்கிறார்கள். காப்பீட்டு அட்டை இருப்பதால் செலவில்லை, அடுத்த வாரமே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று மருத்துவமனையில் சொல்கிறார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி அது எதற்கு என்று வீட்டுப் பெரியவர்களும் சொல்கிறார்கள். அக்கா மட்டும் தயங்குகிறார். முடிவெடுக்கும் முன் நாங்கள் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில் 1: மகப்பேறு மருத்துவர், மதுரை

சகோதரி, உங்கள் அக்காவின் தயக்கம் நியாயமானது. ஃபைப்ராய்டு கட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். கர்ப்பப்பையின் உட்குழிவுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் கட்டி சிறியதாக இருந்தாலும் உதிரத்தைப் பெருக்கும். வெளிப்புறத்தில் இருக்கும் 3 செ.மீ. கட்டி இவ்வளவு உதிரப்போக்குக்குக் காரணமாக இருப்பது அரிது. ஆகவே அந்தக் கட்டியை விட, அறிக்கையின் அடுத்த வரியில் உள்ள உட்சவ்வுத் தடிப்பைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் பல மாதங்கள் சினைமுட்டை வெளிவராமலே போகும். அப்போது ஈஸ்ட்ரோஜனுக்கு ஈடுகொடுக்க வேண்டிய புரோஜெஸ்ட்டிரோன் சுரக்காததால், உட்சவ்வு தொடர்ந்து தடித்து, பிறகு ஒழுங்கின்றி உதிரும். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்குத் தடிப்பு சுழற்சியின் நாளைப் பொறுத்து மாறும் என்பதால், 16 என்ற எண்ணைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் 45 வயதைக் கடந்து, சர்க்கரையும் உடல் எடையும் கூடுதலாக உள்ள ஒருவருக்கு இத்தகைய உதிரப்போக்கு இருந்தால், உட்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பயாப்ஸி பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் புற்றுநோய் இருந்தால் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சையே வேறு. வெறும் மிகைவளர்ச்சி என்றால் ஹார்மோன் சிகிச்சையிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். உயிரணுக்களில் பிறழ்ச்சியும் தெரிந்தால் கர்ப்பப்பையை எடுப்பதுதான் சரி, அதற்கு நானே பரிந்துரைப்பேன். தைராய்டு பரிசோதனையும், கர்ப்பப்பை வாய்க்கான பாப் ஸ்மியர் பரிசோதனையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள்.

இரத்தசோகைக்கான சிகிச்சையை இதற்கெல்லாம் காத்திராமல் இன்றே தொடங்குங்கள். 7.8 என்ற அளவில் இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றுவது பற்றிக் கேளுங்கள். உதிரம் அதிகமாகப் போகும் நாட்களில் டிரானெக்சாமிக் அமிலம் நன்கு பலனளிக்கும். ஆனால் காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது. மணிக்கு ஒரு நாப்கின் முழுவதும் நனைந்து, அது தொடர்ந்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பதில் 2: கரூர் வாசகி

எனக்கு அடினோமயோசிஸ், அதாவது உட்சவ்வுத் திசு கர்ப்பப்பையின் தசைக்குள்ளேயே வளர்ந்துவிடும் கோளாறு. எனக்கும் முதலில் எடுத்துவிடத்தான் சொன்னார்கள். வேறொரு மருத்துவர் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் கலந்த சிறு சாதனமான காயிலைப் பொருத்தினார். முதல் சில மாதங்கள் சொட்டுச் சொட்டாகக் கறை பட்டுக்கொண்டே இருந்ததால் மனம் சோர்ந்துபோனது. இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லாததால்தான் பல பெண்கள் அவசரப்பட்டுக் கழற்றிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அதன் பிறகு உதிரம் வெகுவாகக் குறைந்து, இப்போது வேலைக்கும் திருமணங்களுக்கும் நாள் பார்க்காமல் போய்வருகிறேன். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீர், காபியுடன் சாப்பிட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். எலுமிச்சைச் சாற்றுடன் சாப்பிட்டால் உடலில் நன்றாகச் சேரும்.

பதில் 3: ஓய்வுபெற்ற செவிலியர், தஞ்சாவூர்

அம்மா, அறுவை சிகிச்சைதான் என்று முடிவானால், சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கப்போகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட பல பெண்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை. இரண்டையும் எடுத்துவிட்டால் மாதவிடாய் நிறுத்தம் ஒரே நாளில் வந்துவிடும். உடல் தகிப்பு, எலும்புத் தேய்மானம், இதயநோய் வாய்ப்பு எல்லாம் முன்னதாகவே வந்து சேரும். பிள்ளை பெற்றாகிவிட்டது என்பது ஓர் உறுப்பை எடுப்பதற்கான மருத்துவக் காரணம் ஆகாது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்கு இளம் வயதிலேயே கர்ப்பப்பை அகற்றப்பட்டது 2019-ல் நாடெங்கும் பேசப்பட்டது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்கள் தொடர்பான வழக்கில், தேவையற்ற கர்ப்பப்பை அகற்றத்தைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பது அக்காவின் உரிமை; அதற்காக யாரிடமும் கூச்சப்பட வேண்டாம்.

ஈரோட்டுத் தங்கை

அனைவருக்கும் நன்றி. பயாப்ஸிக்கு அக்கா சம்மதித்துவிட்டார். ஆனால் உள்ளே கருவி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்று அத்தை பயமுறுத்துகிறார். அது உண்மையா? மயக்க ஊசி போடுவார்களா?

மகப்பேறு மருத்துவர், மதுரை

இந்தப் பரிசோதனையால் புற்றுநோய் பரவும் என்ற அச்சத்திற்கு அடிப்படை இல்லை என்று அத்தையிடம் தயங்காமல் சொல்லுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே செலுத்திச் சிறிதளவு திசுவை உறிஞ்சி எடுப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. மாதவிடாய் வலியைப் போல அடிவயிறு சற்று இழுத்துப் பிடிக்கும் என்பதால், முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து எதையாவது சாப்பிட்டுவந்தால் முதலிலேயே தெரிவியுங்கள். முடிவு வந்ததும் மூல அறிக்கையைக் கேட்டு வாங்கி, ஸ்கேன் படத்துடன் சேர்த்து இரண்டாவது மருத்துவரிடம் காட்டுங்கள். எடுத்த திசு போதவில்லை என்று அறிக்கை வந்தால், நோய் இல்லை என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். ஹிஸ்டிரோஸ்கோப்பி மூலம் உள்ளே நேரடியாகப் பார்த்து மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள்.