அரை டன் பிக்கப், 7,000 பவுண்டு டிரெய்லர்: பேலோட் போதுமா?

ஹூஸ்டன்வாசி:
வணக்கம். அரை டன் வகை (அது பெயர்தான், தாங்கும் எடை அல்ல) நாலு கதவு பிக்கப். விளம்பரத்தில் இழுவைத் திறன் 11,200 பவுண்டு. ஓட்டுநர் கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கரில் ஆட்களும் சாமானும் சேர்த்து ஏற்றக்கூடிய உச்ச எடை, அதாவது பேலோட், 1,520. பார்த்து வைத்திருக்கும் டிராவல் டிரெய்லர் காலியாக 5,600, உச்ச எடை 7,000, கையேட்டில் ஹிட்ச் எடை (இணைப்பு வழியாகப் பிக்கப்பின் மேல் இறங்கும் பாரம்) 620. நாங்கள் நாலு பேர், 480. பின்தொட்டியில் ஜெனரேட்டர், இரண்டு சைக்கிள், ஐஸ்பெட்டி: 150. விற்பனையாளர் தாராளமாக இழுக்கும் என்கிறார். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டால் பேலோட் கூடுமா?

அச்சாணி:
கூடாது. அந்த ஹிட்ச் பின் அச்சின் பாரத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுகளுக்கும் தள்ளும், அவ்வளவே. ஸ்டிக்கர் எண் மாறாது.

இழுப்பது பிரச்சினை இல்லை, தாங்குவதுதான். 620ஐ மறந்துவிடுங்கள், அது சாமான் ஏற்றாத டிரெய்லரின் கணக்கு. 20 பவுண்டு கேஸ் சிலிண்டர் நிரப்பினால் ஒன்றே சுமார் 37 பவுண்டு. இரண்டு சிலிண்டரும் பேட்டரியும் டங்கின் (பிக்கப்போடு இணையும் டிரெய்லர் முன்நீட்டம்) மேலேயே உட்காரும். ஏற்றிய டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் டங்கில் இறங்க வேண்டும், ஹிட்ச் எடையும் டங் எடையும் ஒன்றுதான். 13 என்று வைத்தால் 7,000க்கு 910.

உங்கள் கணக்கில் 480 + 150 + பிக்கப்பில் மாட்டும் ஹிட்ச் தலை 90 = 720. மிச்சம் 800. ஆக 110 பவுண்டு அதிகம். டிரெய்லர் 6,150ஐத் தாண்டாமல் இருந்தால்தான் சரிவரும்.

ஹூஸ்டன்வாசி:
டிரெய்லர் சாமான்களைப் பின்கோடிக்குத் தள்ளி டங் எடையை 600 ஆக்கினால்?

நுகத்தடி:
அதை மட்டும் செய்யாதீர்கள். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகம் கழுத்தைவிட்டு எழும்புமே, அதே கதைதான். 7,000க்கு 600 என்றால் 9 சதவீதம்கூட இல்லை. நெடுஞ்சாலையில் பெரிய லாரி கடக்கும் காற்றே டிரெய்லரை ஆட்டிவிடும். ஆட ஆரம்பித்தால் பிக்கப் பிரேக்கை மிதிக்க வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், ஓட்டுநர் அருகில் உள்ள டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரின் கைவிசையால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கொடுங்கள்.

குறைக்க வேண்டிய இடம் பிக்கப்தான். சைக்கிளும் ஐஸ்பெட்டியும் 90 பவுண்டு வரும் என்றால், அவற்றை டிரெய்லர் அச்சுக்கு நேர் மேலே தரையில் கட்டுங்கள். டங்குக்கு 890 கிடைக்கும், டிரெய்லர் 6,800 வரை போகலாம். ஜெனரேட்டர் பெட்ரோல் ஆவிக்காகத் தொட்டியிலேயே இருக்கட்டும். 40 கேலன் தண்ணீர் 330 பவுண்டுக்கு மேல், போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பலாம். ஆனால் தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால், அதைக் காலி செய்யும்போது டங் எடை ஏறும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

ரிசீவர் (பிக்கப்பின் பின்னால் ஹிட்ச் செருகும் சதுரக் குழாய்) ஸ்டிக்கரையும் குனிந்து பாருங்கள். அரை டன் வண்டிகள் பலவற்றில் சாதாரண பால் மவுண்டுக்கு (இணைப்புக் குண்டான பாலைத் தாங்கும் தண்டு) 500 பவுண்டு டங்தான் அனுமதி, அதற்கு மேல் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் கட்டாயம். ரிசீவர், மவுண்ட், பால் மூன்றில் எது குறைவோ அதுவே உங்கள் எல்லை.

அச்சாணி:
நுகத்தடி சொன்னது சரி. வாங்கியதும் எடை போட்டுவிடுங்கள். லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று தனித்தனியாகக் காட்டும். எரிபொருள் டேங்க் நிறைய, எல்லோரும் உள்ளே இருக்க, மூன்று முறை: வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சின் ஸ்பிரிங் பார் மாட்டி, பாரைக் கழற்றி, பிறகு ஹிட்ச் தலையோடு பிக்கப் மட்டும்.

உதாரணத்துக்கு, பிக்கப் மட்டும் முன் 3,320, பின் 2,930, கூட்டு 6,250. பார் இல்லாமல் முன் 2,930, பின் 4,200, கூட்டு 7,130. வித்தியாசம் 880, அதுதான் உண்மையான டங் எடை. வண்டியின் உச்ச எடை 7,050 என்றால் 80 அதிகம். முன் அச்சு இழந்தது 390. பார் மாட்டியபின் அதில் பாதியாவது திரும்பி 3,125க்கு வராவிட்டால் முன் டயரின் பிடி குறையும், ஸ்டியரிங் லேசாகும். எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை உங்கள் வண்டிக் கையேட்டில் பார்த்து பாரை இறுக்குங்கள். பின் அச்சின் 4,200ஐக் கதவுத் தூணில் உள்ள அச்சு எல்லையோடும், டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எடையின் இரண்டு மடங்கோடும் ஒப்பிடுங்கள்.